தண்ணீரைத் தாண்டிய கார்: மூன்று நாள் கணக்கு

வாசகர் ஒருவர், அக்டோபர் 18

"முழங்காலுக்குச் சற்றுக் கீழே தண்ணீர். இருநூறு மீட்டர் தூரம் இருக்கும். முதல் கியரிலேயே ஓட்டி வந்தேன், எஞ்சின் நிற்கவே இல்லை. நிற்காமல் கரையேறி, அதற்குப் பிறகு மூன்று நாள் ஒழுங்காக ஓடிவிட்டால் தப்பித்தாயிற்று என்பது என் கணக்கு. ஆனால் இன்று காலை கிளப்பியதும் பத்து நிமிடம் குலுங்கியது. மஞ்சள் எஞ்சின் விளக்கு எரிந்தது. பிறகு இரண்டும் போய்விட்டன. பெட்ரோல் கார், மூன்று சிலிண்டர், 1,200 சிசி. விட்டுவிடலாமா?"

அக்டோபர் 18, இரவு 9.10

கணக்கு சரிதான். நானும் நேற்று முன்தினம் அதே அளவு தண்ணீரில் வந்தேன், என் காருக்கு ஒன்றும் ஆகவில்லை.

குலுக்கலுக்குக் காரணம் பெரும்பாலும் ஸ்பார்க் பிளக் குழியில் தேங்கிய ஈரம். பிளக்கின் தலையில் உட்கார்ந்து, தீப்பொறிக்கான மின்சாரத்தைக் கொடுக்கும் காயில் என்ற உறுப்பின் வழியாக மின்சாரம் போக வேண்டிய இடத்துக்குப் போகாமல் ஈரத்தில் கசிந்துவிடும். அந்த சிலிண்டரில் தீப்பொறி விழாது, எஞ்சின் நொண்டும். சூட்டில் ஈரம் உலர்ந்ததும் சரியாகிவிடும். விளக்கு நிலையாக எரிந்ததா, விட்டுவிட்டு மின்னியதா? நிலையாக எரிந்தால் நிதானமாகப் பார்க்கலாம். மின்னினால் ஓட்டவே கூடாது. எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியில் புகையைச் சுத்தம் செய்யும் வினையூக்கி மாற்றிக்குள் போய் எரிந்து அதைப் பாழாக்கிவிடும்.

அக்டோபர் 18, இரவு 9.35

முக்கியமானதை விட்டுவிட்டேன். நாளைக் காலை காரைக் கிளப்பும் முன் ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள். நான்கு கிளிப்தான். காகிதம் நனைந்திருந்தாலோ, அலை அலையாக நெளிந்திருந்தாலோ, சேற்றுக்கோடு இருந்தாலோ சாவியைத் தொடாதீர்கள்.

அக்டோபர் 19, காலை 7.20

ஃபில்டர் உலர்ந்திருக்கிறது, ஆனால் பெட்டியின் அடியில் இரண்டு மூன்று கரண்டி தண்ணீர் நிற்கிறது என்கிறார். இதைப் படித்துவிட்டு எனக்கு உட்கார முடியவில்லை. நேற்று "கணக்கு சரிதான்" என்று எழுதியது எந்தக் கை என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

எஞ்சின் காற்றை இழுக்கும் குழாயின் வாய் பல கார்களில் முன்விளக்குக்குப் பின்னாலோ கிரில்லுக்கு மேலேயோ இருக்கும். நிற்கும் தண்ணீர் அந்த உயரத்தைத் தொடாது. எதிரே வரும் லாரி எழுப்பும் அலை தொடும். அந்த நேரம் பார்த்து பயத்தில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் எஞ்சின் இன்னும் வேகமாக உறிஞ்சும். உள்ளே போன தண்ணீர் சிலிண்டரை அடைந்தால் கதை மாறிவிடும். காற்று அழுந்தும், தண்ணீர் அழுந்தாது.

உங்கள் எஞ்சினை வைத்தே பார்ப்போம். 1,200 சிசியில் ஒரு சிலிண்டரின் பங்கு 400. அழுத்த விகிதம் 10:1 என்றால் பிஸ்டன் உச்சிக்குப் போகும்போது மேலே மிஞ்சும் இடம் 40 சிசி. அதைவிட அதிகம் தண்ணீர் இருந்தால் பிஸ்டனுக்கு மேலே போக வழி கிடையாது. கீழிருந்து தள்ளும் விசை நிற்பதும் கிடையாது. நடுவில் மாட்டிக்கொண்ட, பிஸ்டனைக் கீழே சுழலும் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடுதான் வளையும். டீசலில் மிஞ்சும் இடம் இன்னும் குறைவு. நான்கு சிலிண்டர், 1,500 சிசி, 16:1 என்றால் இரண்டு மேசைக்கரண்டித் தண்ணீரே போதும்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், என் பழைய கார் தண்ணீரில் நின்றபோது நான் சாவியை மூன்று முறை திருகினேன். முதல் முறை "டக்" என்று ஒரே ஒரு சத்தம், அத்தோடு அமைதி. பேட்டரி இறங்கிவிட்டது என்று நினைத்தேன். இரண்டாம் முறையும் அதே. மூன்றாவது முறை கோபத்தில். மறுநாள் மெக்கானிக் பிளக்குகளைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டரைச் சுற்றினார், பிளக் துளையிலிருந்து தண்ணீர் பானெட் உயரத்துக்குப் பீய்ச்சியது. ஆயில் மாற்றினார். கிளம்பியது. "ஓடுகிறதே" என்றேன். "ஓடுகிறது சார்" என்றார், அவர் குரலில் என் உற்சாகம் இல்லை. காலையில் குளிர்ந்த எஞ்சினில் மட்டும் சன்னமாக ஒரு தட்டல் கேட்கும். நான்கு மாதம் கழித்து நெடுஞ்சாலையில் அந்த ராடு உடைந்து எஞ்சின் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்தது. உடையாமல் மிஞ்சிய இன்னொரு ராடை மெக்கானிக் மேசைமேல் வைத்துக் காட்டினார். பார்வைக்கு நேராகத்தான் இருந்தது. விரலால் தொட்டதும் ஆடியது.

மூன்று நாளில் தெரிவது ஈரம். உலோகம் வளைந்திருந்தால் அது நான்கு மாதம்கூடப் பொறுத்திருக்கும்.

அக்டோபர் 19, மதியம் 1.05

40 அல்ல, 44. அழுத்த விகிதம் என்பது பிஸ்டன் அடியில் இருக்கும்போதுள்ள மொத்த இடத்துக்கும் உச்சியில் மிஞ்சும் இடத்துக்கும் உள்ள விகிதம். ஆகவே 400ஐ 10ஆல் அல்ல, 9ஆல் வகுக்க வேண்டும். ஒருவர் சுட்டிக்காட்டினார், தாழ்மையுடன் ஏற்கிறேன். டீசலுக்கு மட்டும் எப்படியோ சரியாகப் போட்டிருக்கிறேன்: 375ஐ 15ஆல் வகுத்தால் 25 சிசி. ராடுக்கு இந்த நான்கு சிசி வித்தியாசத்தால் ஆறுதல் ஒன்றும் கிடைக்கப் போவதில்லை.

அக்டோபர் 20

என் காருக்கு ஒன்றும் ஆகவில்லை என்று எழுதினேன் அல்லவா. இன்று காலை ஹேண்ட்பிரேக் விடவில்லை. பின் பிரேக் டிரம்முக்குள் புகுந்த சேறு காய்ந்து, லைனிங்கும் டிரம்மும் துருவில் ஒட்டிக்கொண்டிருந்தன. முன்னும் பின்னும் மெதுவாக அசைத்ததில் "பளார்" என்று விட்டது. தண்ணீரில் ஓட்டிய காரை இரவு ஹேண்ட்பிரேக் போட்டு நிறுத்தாமல், சமதளத்தில் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்துவிடுவது நல்லது. எனக்குத் தெரிந்த விஷயம்தான். செய்யவில்லை.

அதோடு முன் சக்கரத்தில் காதைக் கிழிக்கும் கிரீச். பிரேக் பேட் தேய்ந்துவிட்டது என்று நினைத்துப் பிரிக்கவிருந்தேன். பிரேக் மிதித்தாலும் மிதிக்காவிட்டாலும் சத்தம் ஒரே மாதிரி இருந்ததால் கொஞ்சம் யோசித்தேன். பேட் என்றால் மிதிக்கும்போது மாறியிருக்க வேண்டும். ரிவர்ஸில் பத்து அடி ஓட்டியதும் டிஸ்க்குக்கும் அதன் பின்னால் உள்ள தகட்டுக்கும் நடுவே மாட்டியிருந்த சரளைக்கல் விழுந்தது. அதை எடுத்து டாஷ்போர்டில் வைத்திருக்கிறேன்.

அக்டோபர் 22

ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் வெண்ணிறப் பசை இருந்தால் எஞ்சின் போயிற்று என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார். தினம் இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடும் காரில், குளிர்காலத்தில், வெள்ளத்தைக் கண்ணால்கூடப் பார்க்காத எஞ்சினிலும் அந்தப் பசை வரும். எஞ்சின் முழுச் சூடேறாததால் உள்ளே வியர்க்கும் நீராவி அது. மூடியில் மட்டும் இருந்து, ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கில் இல்லையென்றால் ஒரு நீண்ட பயணத்தில் போய்விடும்.

அதற்கு நேர்மாறான ஏமாற்றமும் உண்டு. டிப்ஸ்டிக்கில் ஆயில் சுத்தமாக இருப்பதைப் பார்த்துவிட்டு மகிழ்ச்சியாகச் சாவியைத் திருகுவது. தண்ணீரும் ஆயிலும் கலந்து வெளுப்பதற்கு எஞ்சின் சுற்ற வேண்டும். நின்றுபோன எஞ்சினில் தண்ணீர் அடியில் படிந்திருக்கும், ஆயில் அதன்மேல் கண்ணாடி போல மிதக்கும். எனவே நிறத்தை மட்டும் பார்க்காதீர்கள், அளவைப் பாருங்கள். மேல்கோட்டைத் தாண்டி ஏறியிருந்தால் யாரோ உங்களுக்காக ஆயில் ஊற்றிவிட்டுப் போகவில்லை. அடி நட்டைத் தளர்த்தி முதலில் வருவது என்ன என்று ஒரு கிண்ணத்தில் பிடியுங்கள். சந்தேகமிருந்தால் சூடான தகட்டில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள், தண்ணீர் கலந்திருந்தால் படபடவென்று வெடிக்கும். கண்ணைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

அக்டோபர் 23

உயரமான வண்டி வைத்திருப்பவர்கள் இருவர் வந்து, எங்களுக்கு இந்தப் பேச்சே தேவையில்லை என்கிறார்கள். காற்றுக்குழாய் உயரத்தில் இருப்பது நல்லதுதான், ஆனால் ஓடும் தண்ணீருக்கு அதுவா கணக்கு? அமெரிக்க வானிலைச் சேவையின் எச்சரிக்கையில் உள்ள எண்கள்: பாய்ந்தோடும் தண்ணீர் 30 செண்டிமீட்டர் இருந்தால் பெரும்பாலான கார்களை அடித்துச் செல்லும், 60 செண்டிமீட்டர் உங்கள் உயரமான வண்டியையும்.

இன்னொன்று. நிற்கும்போது எஞ்சினைத் தானாக அணைத்து, பிறகு தானாகக் கிளப்பும் வசதி உள்ள கார்களில் தண்ணீருக்குள் இறங்கும் முன் அந்தப் பொத்தானை அணைத்துவிடுங்கள். சாவியைத் திருகாதீர்கள் என்று நான் இங்கே கத்திக்கொண்டிருக்க, கார் தானே திருகிக்கொள்ளும்.

அக்டோபர் 26

வாடை. மூன்று நாளாகக் காருக்குள் நனைந்த கோணியின் வாடை. கார்பெட்டைத் தொட்டுப் பார்த்தேன், உலர்ந்திருந்தது. ஷாம்பு போட்டேன், வாசனைப் புட்டி வாங்கித் தொங்கவிட்டேன். இப்போது நனைந்த கோணியின்மேல் மல்லிகை வாடை.

இன்று மெக்கானிக் கார்பெட்டின் ஓரத்தைத் தூக்கி அதன் அடியில் உள்ள பஞ்சை ஒரு கையால் பிழிந்தார். வாளியில் விழுந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மேல் துணி ஒரே நாளில் உலர்ந்துவிடும், அடியில் உள்ள தடித்த பஞ்சு மாதக்கணக்கில் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். வாடையைச் சகித்துக்கொள்ளலாம். அந்தப் பஞ்சுக்குள்தான் மின்கம்பிக் கட்டு ஓடுகிறது. இருக்கைக்கு அடியில் ஏர்பேக், சீட் பெல்ட் இணைப்புகள் இருக்கின்றன. சில கார்களில் கட்டுப்பாட்டுப் பெட்டியே கால் வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. செப்பு முனைகள் ஈரத்தில் பச்சை பூத்து, இரண்டு மாதம் கழித்து சம்பந்தமே இல்லாத ஒரு விளக்கு எரியும். அப்போது வெள்ளத்தை யாரும் நினைக்கமாட்டார்கள், விளக்கைத்தான் திட்டுவார்கள்.

இருக்கைகளைக் கழற்றி, பஞ்சைத் தனியே எடுத்து வெயிலில் போட்டோம். கழற்றும் முன் பேட்டரியைத் துண்டித்து, சற்று நேரம் காத்திருக்க வேண்டும், ஏர்பேக் இணைப்பு விளையாட்டுப் பொருள் அல்ல. நான் செய்த இன்னொரு மடமை: வாடைக்காக ஏசியை முழு வேகத்தில் வைத்தே இந்த மூன்று நாளும் ஓட்டியிருக்கிறேன், உள்காற்றையே சுற்றும் பொத்தானை அழுத்தியபடி. வாடை வெளியே போக ஒரு வழியும் விடவில்லை.

அக்டோபர் 26, இரவு

தலைமுடி உலர்த்தும் கருவியைக் கனெக்டர்களுக்குப் பயன்படுத்தலாமா என்று கேட்டவருக்கு: மிதமான சூட்டில், தள்ளிப் பிடித்து, பயன்படுத்தலாம். காரை அரிசி மூட்டைக்குள் வைக்கலாமா என்று கேட்டவருக்குப் பதில் இல்லை.

நவம்பர் 2

முதலில் கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார், விளக்கும் திரும்பி வந்திருக்கிறது. ஸ்கேனரில் பி0302, அதாவது இரண்டாம் சிலிண்டரில் எரிப்பு தவறுகிறது. குலுக்கலும் இருக்கிறது.

நண்பரே, எனக்கு இது பிடிக்கவில்லை. ஃபில்டர் பெட்டிக்குள் தண்ணீர், இரண்டு வாரம் கழித்து ஒரே சிலிண்டரில் கோளாறு. ராடு சற்று வளைந்தால் பிஸ்டன் முழு உயரம் ஏறாது, அழுத்தம் குறையும், எரிப்பு தவறும். உடனே எல்லா சிலிண்டரின் அழுத்தத்தையும் அளக்கச் சொல்லுங்கள். அதுவரை ஓட்ட வேண்டாம்.

நவம்பர் 4

அளந்துவிட்டார்: 175, 172, 176 பிஎஸ்ஐ. மூன்றும் அண்ணன் தம்பிகள். இரண்டாவது மட்டும் நூற்று முப்பதில் நின்றிருந்தால் நான் பயந்தது சரி. ராடு வளைந்ததற்கு அடையாளம் இல்லை.

நவம்பர் 4, சற்று நேரம் கழித்து

ஒரு மன்னிப்பு. அவரை இரண்டு இரவு தூங்கவிடாமல் செய்தது என் பழைய கார்தான், அவருடைய கார் அல்ல. அழுத்தம் அளப்பதற்கு முன் செய்திருக்க வேண்டியது பத்து நிமிட வேலை: இரண்டாம் சிலிண்டரின் காயிலைக் கழற்றி மூன்றாவதில் மாட்டி, மூன்றாவதை இரண்டாவதில் மாட்டி ஓட்டிப் பார்ப்பது. கோளாறு காயிலோடு இடம் மாறினால் காயில். மாறாவிட்டால் பிளக்கை அதே மாதிரி மாற்றிப் பார்ப்பது. அதற்கும் அசையாவிட்டால்தான் ஆழத் தோண்டுவது. நான் மண்வெட்டியோடு ஆரம்பித்தேன்.

நவம்பர் 5

மாற்றிப் பார்த்தார். பி0303. காயிலோடு நகர்ந்துவிட்டது. காயிலின் அடியில் உள்ள ரப்பர் உறையில் மயிரிழை வெடிப்பு, உள்ளே வெள்ளைத் தடம். முதல் நாள் இரவு 9.10க்கு நான் எழுதிய முதல் ஊகம் சரி, அதற்குப் பிறகு எழுதியதில் பாதி பீதி. புதுக் காயில் போட்டு இப்போது அமைதியாக ஓடுகிறதாம். "மூன்று நாள் கணக்கு தப்பவில்லையே" என்று சிரிப்புக்குறி போட்டிருக்கிறார். பதினெட்டு நாள் ஐயா, பதினெட்டு நாள்.

நவம்பர் 9

என் காரில் நாற்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் வண்டு பறப்பது போல ஒரு ரீங்காரம். டயர் தேய்மானம். அடுத்த மாதம் எப்படியும் மாற்ற வேண்டியதுதான்.

நவம்பர் 11

மின்சாரக் கார் வைத்திருப்பவர் கேட்டிருந்தார். காற்று உறிஞ்சும் எஞ்சின் இல்லாததால் ராடு வளையும் பேச்சு அவருக்கு இல்லை. பல மின்சாரக் கார்களின் பேட்டரி உறை ஐபி67 தரத்தில் வருகிறது. ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும் சோதனை அது. ஒரு நாள் முழுதும் மூழ்கிக் கிடப்பது வேறு. உப்புத்தண்ணீர் முற்றிலும் வேறு. 2022இல் ஃபுளோரிடாவை இயான் சூறாவளி தாக்கியபோது கடல்நீரில் மூழ்கிய மின்சாரக் கார்கள் சில, தண்ணீர் வடிந்த பிறகு தீப்பிடித்தன. அப்படி மூழ்கியதை வீட்டுச் சுவரை ஒட்டி நிறுத்தாதீர்கள், சார்ஜ் போட்டுப் பார்க்காதீர்கள். இதற்கு மேல் என் கையில் அனுபவம் இல்லை, நான் பெட்ரோல் பேர்வழி.

நவம்பர் 16

டயர் இல்லை.

ரீங்காரம் நேர்ச்சாலையில் ஒரு மாதிரியும் வளைவில் வேறு மாதிரியும் இருப்பதை நேற்றுதான் கவனித்தேன். வலப்பக்கம் திருப்பினால் கூடுகிறது, இடப்பக்கம் திருப்பினால் அடங்குகிறது. வலப்பக்கம் திரும்பும்போது காரின் எடை இடப்பக்கச் சக்கரங்களில் சாயும். சத்தம் அப்போது கூடினால் குற்றவாளி இடப்பக்கம். டயரின் சத்தம் இப்படிக் கட்சி மாறாது, சாலையின் பரப்பு மாறினால்தான் மாறும். தூக்கி நிறுத்திச் சக்கரத்தைச் சுற்றி, ஸ்பிரிங்கில் விரலை வைத்தபோது மாவரைப்பது போன்ற அதிர்வு தெரிந்தது. இடது முன் சக்கரம் சுழல உதவும் பேரிங். சீலைத் தாண்டிப் போன தண்ணீர் கிரீஸைக் கெடுத்து, உருளைகள் துருவேறி, சத்தமாக வர நான்கு வாரம் ஆகியிருக்கிறது.

அக்டோபர் 18 அன்று "ஒன்றும் ஆகவில்லை" என்று எழுதியவன் நான். அந்த வரியை அழிக்கப் போவதில்லை, கிடக்கட்டும்.

நவம்பர் 17

பேரிங் மாற்றக் கொடுத்த இடத்தில் மெக்கானிக் கேட்காமலே கியர்பாக்ஸ் அடி நட்டைத் திறந்திருக்கிறார். சந்தனத்தைக் கரைத்து ஊற்றியது போல வந்தது ஆயில். நீண்ட தூரம் ஓடிச் சூடேறிய கியர்பாக்ஸ் திடீரென்று குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால், உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, மூச்சுக்குழாய் வழியாக வெளியே இருப்பதை உறிஞ்சிக்கொள்ளும். வெளியே இருந்தது தண்ணீர். கியர் மாற்றும்போது எந்த வித்தியாசமும் எனக்குத் தெரியவில்லை என்றேன். "தெரியும்போது ஆயில் மாற்றிப் பயன் இருக்காது சார்" என்றார். புது ஆயில் ஊற்றி, இருநூறு கிலோமீட்டர் ஓடியபின் அதையும் வடித்துவிட்டு மறுபடி ஊற்றச் சொன்னார். தானியங்கி கியர்பாக்ஸ் வைத்திருப்பவர்கள் இதை என்னைவிட அவசரமாகப் பார்க்க வேண்டும். அதன் கிளட்ச் தகடுகளில் உராய்வுப் பொருள் பசையால் ஒட்டப்பட்டது, தண்ணீருக்கு அது தாங்காது.

நவம்பர் 29

ஓடும்போது ஏசி குளிர்கிறது, சிக்னலில் நின்றால் வெந்நீர் ஆவி போல வருகிறது என்று ஒருவர். அவரும் அதே வாரம் தண்ணீரில் வந்தவர். வாயு நிரப்பச் சொல்லிவிட்டார்களாம். நிரப்பாதீர்கள். முதலில் ஏசி போட்டு நின்றபடி பானெட்டைத் திறந்து முன்னால் உள்ள விசிறி சுற்றுகிறதா என்று பாருங்கள். ஓடும்போது எதிர்க்காற்று விசிறியின் வேலையைச் செய்துவிடும், நின்றால் விசிறிதான் கதி. தண்ணீரை அறைந்த விசிறியின் மோட்டார் துருவில் இறுகியிருக்கலாம், ஃபியூஸ் போயிருக்கலாம். நெரிசலில் வெப்பமுள் ஏறுகிறதா என்பதையும் பாருங்கள், ஒரே விசிறி இரண்டுக்கும் என்றால் அடுத்தது எஞ்சின்.

நவம்பர் 30

ஃபியூஸ். புதியது போட்டதும் அதுவும் போயிற்றாம். எனவே பெரும்பாலும் மோட்டார்.

டிசம்பர் 13

இன்று பின் டயர் பஞ்சர். ஸ்டெப்னியை எடுக்க டிக்கியின் தரைப்பலகையைத் தூக்கினேன். குழிக்குள் சக்கரம் பாதி முங்கிக் கிடக்கிறது. எட்டு வாரத் தண்ணீர். இருக்கைகளைக் கழற்றினேன், பஞ்சைப் பிழிந்தேன், கம்பி முனை ஒவ்வொன்றையும் துடைத்தேன், இந்தப் பலகையை மட்டும் ஒருவரும் தூக்கவில்லை. மல்லிகைப் புட்டியும் இதன்மேல்தான் உருண்டுகொண்டிருந்தது. குழியின் அடியில் ஒரு ரப்பர் மூடி இருக்கிறது, பிடுங்கினேன், எல்லாம் சாலையில் போனது.

ஜாக்கி துருவேறி ஒரு சுற்றுக்கூடத் திரும்பவில்லை. பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கப் போகிறேன். அவரும் அதே சாலையில்தான் வந்தார், அவர் டிக்கியையும் திறக்கச் சொல்ல வேண்டும்.